காலி இருக்கைகள் யார் குற்றம்?

மக்கள் கூடுவது மிகவும் எளிய காரியம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கொட்டகை போட்டால் கூடுவார்கள்; மேளம் கொட்டினால் கூடுவார்கள்; இருக்கைகளைப் பெருக்கினால் இன்னும் மிகுதியாகக் கூடுவார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை மெய்தானா என்பதை இன்று சற்றே ஆராய்வோம். ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேதாந்தமன்று, காற்பந்தாட்டம். விளையாட்டில் தரும விசாரணை எதற்கு என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆயிரக்கணக்கான மனிதர் தம் கூலியில் ஒரு பங்கைச் செலவழித்து, முன்பின் அறியாதவர் தோளோடு தோள் உரச, நாலு நாழிகை நேரம் ஓரிடத்தில் ஒரே மனத்தோடு அமர்ந்திருக்கிறார்கள் என்றால், அது வெறும் விளையாட்டு ஆகாது. அங்கே ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. அக்கொடுக்கல் வாங்கலில் நேர்மை உண்டா இல்லையா என்று கேட்பது நமது கடமையேயாம்.

ஈப்போ நகரிலே பேராக் விளையாட்டரங்கம் என்று ஒன்று உண்டு. 1965ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 42,500 பேர் கொள்ளத்தக்கது. அது எம்மாநிலத்தின் அரங்கம்? மலாயாக் கோப்பை என்றும், பின்னர் மலேசியக் கோப்பை என்றும் வழங்கும் கோப்பையை 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018 ஆகிய ஆண்டுகளில் எட்டு முறை வென்ற மாநிலத்தின் அரங்கம். அத்தகைய மாநிலத்தின் குழு 2021இல் சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கிற்று. 2023இல் மீண்டும் மேலே வந்தது. 2025-26 பருவத்துச் சூப்பர் லீக் பட்டியலிலோ அதன் பெயரே இல்லாது போயிற்று. இருக்கைகள் நாற்பதினாயிரத்துக்கு மேல். அவற்றின் முன் நாட்டின் முதற் பிரிவில் ஆடுவதற்குச் சொந்தக் குழு இல்லை. குழு விலகுவதற்கு முன்னரே அவ்விருக்கைகளிற் பெரும்பாலானவை பல ஆண்டுகளாக வெறுமையாகவே கிடந்தன என்பதும் அங்கே சென்றவர் அறிந்ததே.

இது யார் குற்றம்? கட்டினவர் குற்றமா? நடத்தினவர் குற்றமா? ஆடினவர் குற்றமா? அல்லது வாராது நின்றுவிட்ட நமது குற்றமா? இதுவே நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில், இருக்கையே இல்லாத ஒரு மைதானத்தைப் பற்றிச் சொல்லுவோம். நாம் பிறந்தது தெலுக் இந்தானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பொழுது ஊரின் பெயர் தெலுக் ஆன்சன். 1982இல்தான் இன்றைய பெயர் வந்தது. லயங்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு திடல் இருந்தது. காலையில் பால்வெட்டுக்குப் போனவர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, உண்டு, சற்றே கண்ணயர்ந்து எழுந்தால், மாலையில் பந்து உருளும். சம்பளம் போட்ட வார ஞாயிறன்று பக்கத்துத் தோட்டத்தார் லாரியில் வந்து இறங்குவார்கள். துரைக்கு ஒரு பிரம்பு நாற்காலி. கிராணிமாருக்கு ஒரு நீண்ட பலகை. மற்றை எல்லாருக்கும் புல்தரை. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு பெண்களும் வந்து நிற்பார்கள். லயத்திலே ஒரு குழாய்த் தண்ணீருக்கு இரு சாதி பார்த்தவர்கள்கூட அத்திடலில் ஒருவன் உதைத்த பந்தை இன்னொருவன் நெஞ்சில் வாங்கினான். எத்தனை பேர் வந்தார்கள் என்று யாரும் கணக்கிட்டதில்லை. கணக்கிட வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் நோயாளியும் நோயாளிக்குத் துணையிருந்தவரும் தவிர எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

ஏன் வந்தார்கள்? ஆடினவன் அவர்களுடைய பிள்ளை. ஆட்டம் அவர்களுடைய ஆட்டம். தோற்றால் மறுநாள் காலைப் பெரட்டில் தலை குனிவார்கள். வென்றால் தலை நிமிர்வார்கள். அங்கே பார்த்தவனுக்கும் ஆடினவனுக்கும் இடையே இருந்த பொருள் ஒன்றே: நம்பிக்கை. "நீ உன்னால் இயன்றதைச் செய்வாய், நான் உனக்காக வந்து நிற்பேன்" என்னும் எழுதாத உடன்படிக்கை அது.

அவ்வுடன்படிக்கையை நம்பித்தான் நமது மக்கள் ஈப்போவுக்கும் போனார்கள். 1970இல் பேராக் கோப்பையை வென்ற பிறகு, நம் தகப்பனார் நம்மை முதன்முதலாக அவ்வரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். பீடோர், தாப்பா, கம்பார் வழியாகத் தோட்டத்து ஆள்களோடு லாரியில் நின்றபடியே பயணம். அத்தனை மனிதரை ஒருசேர நாம் அதற்குமுன் கண்டதில்லை. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சீக்கியரும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே நின்ற சிறுவனுக்கு நாடு என்பது இன்னது என்று யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1980 ஏப்ரல் 6ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது மலேசியக் குழு. கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம், அவர் முன்னே அரணாக நின்றவர்கள் சோ சின் ஆன், சந்தோக் சிங், ஹசான் சானி பந்தைக் கொடுக்க ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலை அடித்தார். இப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்; மேடைப் பேச்சுகள் பல கூறி விளக்க மாட்டாத ஒற்றுமையை அவை விளக்கும். அரசாங்கம் அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தமையால் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. எனினும் மக்கள் அவர்களைக் கைவிடவில்லை. ஆறுமுகம் 1988இல் மோட்டார் விபத்தில் மாண்டபோது, பந்தையே தொட்டறியாத கிழவிமாரும் தோட்டங்களில் கண்ணீர் விட்டார்கள். பரிசு கிட்டாது போனதால் கூட்டம் குறைவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பின், எதனால் குறைந்தது? 1994, 1995ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் ஒரு செய்தி பரவிற்று. ஆட்டங்கள் விலை பேசப்பட்டன என்பதே அது. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டனர். பலர் தடை செய்யப்பட்டனர். சிலர் முற்றாக நீக்கப்பட்டனர். தொழில்முறை லீக் தொடங்கின 1994ஆம் ஆண்டிலேயே இது வெடித்தது. அன்றுமுதல், கோல்காப்பாளன் கையிலிருந்து பந்து நழுவினால், "ஐயோ, தவறிற்றே" என்று சொன்ன வாய், "எவ்வளவு வாங்கினான்?" என்று கேட்கத் தொடங்கிற்று. நேர்மையாக ஆடினவனுடைய நேர்மையான தவறுக்கும் மதிப்பில்லாது போயிற்று. ஐயத்தோடு ஆட்டம் பார்ப்பது, நஞ்சு கலந்திருக்குமோ என்ற ஐயத்தோடு சோறு உண்பது போன்றது. அவ்வாறு எவன் தினந்தோறும் உண்பான்?

இதிலே வியப்பு என்னவெனில், நம்பிக்கை சரிந்த அதே காலத்தில்தான் கட்டடங்கள் உயர்ந்தன. ஷா ஆலமில் எண்பதினாயிரம் பேருக்கான அரங்கம் 1994இல் திறக்கப்பட்டது. புக்கிட் ஜாலிலில் அதனினும் பெரியதான தேசிய அரங்கம் 1998இல் வந்தது. பேராக் தனது எட்டாம் கோப்பையை 2018இல் வென்றது ஷா ஆலம் அரங்கத்திலேதான். இரண்டே ஆண்டில், 2020இல், பழுதுற்ற அவ்வரங்கம் மூடப்பட்டது; 2024இல் இடிக்கப்பட்டது. எண்பதினாயிரம் இருக்கைகளின் ஆயுள், ஒரு பால்மரத்தின் ஆயுளளவுகூட வரவில்லை. எத்தனை பேர் வரவேண்டும் என்று கட்டுபவர் விரும்புகிறார் என்பதைத்தான் இருக்கை காட்டும். எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பதை வந்து அமரும் மனிதனே காட்டுவான். இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்கியதே நம் நாட்டார் செய்த பிழை.

இவ்விடத்தில் சிலர் ஒரு தடை எழுப்புவர். "ஊழலாவது ஒன்றாவது! தொலைக்காட்சி வந்தது, இங்கிலாந்து ஆட்டத்தை வீட்டிலிருந்தும் சாப்பாட்டுக் கடையிலிருந்தும் பார்க்கிறார்கள், பிறகு ஈப்போவுக்கு ஏன் போவார்கள்?" என்பர். இத்தடையில் சிறிது உண்மை உண்டு, முழு உண்மையில்லை. தொலைக்காட்சியே கூட்டத்தைக் கொன்றதென்றால், அத்தொலைக்காட்சியில் நாம் காணும் இங்கிலாந்து மைதானங்கள் எவ்வாறு நிரம்பி வழிகின்றன? அந்நாட்டு மக்கள் வீட்டிலே அப்பெட்டி இல்லையா? நம் நாட்டிலேயே ஜொகூரில் சுல்தான் இப்ராஹிம் அரங்கம் 2020இல் திறக்கப்பட்டது. அதுவும் சுமார் 40,000 பேர் கொள்வது. முக்கிய ஆட்டங்களில் அது நிறைகின்றது. ஆதலின் பெட்டி மட்டும் காரணமாகாது. வீட்டில் அன்பு குறைந்தவனே அயல்வீட்டு விருந்தை எண்ணி ஏங்குவான்.

கடல் கடந்தும் ஒரு பாடம் கிடைக்கின்றது. அமெரிக்காவில் காற்பந்துக்கு முன்னே செல்வாக்கு மிகவும் குறைவு. பிரேசிலின் பெலே 1975இல் நியூயார்க் குழுவில் சேர்ந்தார். 1977இல் ஓர் ஆட்டத்துக்கு 77,691 பேர் திரண்டனர். உலகமே மூக்கின்மேல் விரல் வைத்தது. ஆனால் பெலே ஓய்வு பெற்றார், கூட்டம் கலைந்தது, 1984ஆம் ஆண்டுப் பருவத்தோடு அந்த லீக்கே மறைந்தது. ஒரு மனிதனைக் காண வந்த கூட்டம் அம்மனிதனோடு போய்விடும் என்பது அப்பொழுது விளங்கிற்று.

1996இல் அங்கே புதிய லீக் தொடங்கிற்று. முதலாண்டில் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 17,000க்குச் சற்று மிகுந்தவர் வந்தார்கள். 2000இல் அது 14,000க்கும் கீழே இறங்கிற்று. இவர்கள் அமர்ந்ததோ வேறொரு விளையாட்டுக்குக் கட்டிய மாபெரும் அரங்கங்களில். பெரிய களஞ்சியத்தின் மூலையில் கிடக்கும் ஒரு மரக்கால் நெல்லைப்போல் அம்மக்கள் தோன்றினர். அப்பொழுது அவர்கள் என்ன செய்தார்கள்? பெரிதாகக் கட்டவில்லை, சிறிதாகக் கட்டினார்கள். கொலம்பஸ் நகரக் குழு, தொண்ணூறாயிரம் பேர் கொள்ளத்தக்க பல்கலைக்கழக அரங்கத்தை விட்டு, 1999இல் இருபத்திரண்டாயிரம் பேருக்கான தன் சொந்த மைதானத்துக்குப் போயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் குழு 2003இல் 27,000 பேருக்கான இடத்துக்கு மாறிற்று. சிறிய இடத்தில் அண்டை அயலார் போல அமர்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தார்கள், பாடினார்கள், மறுவாரமும் வந்தார்கள். சிறுகச் சிறுகக் கூட்டம் பெருகிற்று. 2018இல் அட்லாண்டா நகரில் நடந்த இறுதியாட்டத்துக்கு 73,019 பேர் வந்தனர். 2024இல் லீக்கின் சராசரி 23,000ஐத் தாண்டிற்று. இப்பொழுதும் மெஸ்ஸி என்னும் ஒரு மனிதருக்காகவே திரளும் கூட்டம் அங்கே உண்டு; 2024 ஏப்ரலில் கன்சாஸ் நகரில் அவர் ஆடவந்தபோது, ஆட்டத்தையே பெரிய அரங்கத்துக்கு மாற்றி 72,610 பேரை அமர்த்தினார்கள். ஆனால் அவர் போன பின்னும் வரக்கூடியவர் யார் என்பதே கணக்கில் நிற்பது. அவர்களைச் சிறிய மைதானந்தான் வளர்த்தது.

நிற்க. இதுகாறும் கட்டினவர்களையும் நடத்தினவர்களையும் ஆடினவர்களையும் பற்றிக் கூறினோம். பிறரைக் கூறுவது எளிது. இனி நம்மைப் பற்றிக் கூறவேண்டும்; அதற்கு நாம் வெட்கப்படுகிறோம். எனினும் கூறாதொழிந்தால் இக்கட்டுரைக்கே நேர்மை இராது.

ஆட்டக்காரன் கையில் விழுந்த பணம் வானத்திலிருந்து பெய்ததன்று. சூதாட்டத் தரகன் ஓர் ஆட்டத்தை விலைக்கு வாங்குவானேன்? அவ்வாட்டத்தின்மேல் பல்லாயிரம் பேர் பந்தயம் கட்டுவதாலன்றோ! அப்பல்லாயிரத்தில் நாமும் ஒருவர். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், தெலுக் இந்தானில் ஒரு கடையின் பின்கட்டில், நமது மாநிலம் தோற்கும் என்று ஐம்பது வெள்ளி வைத்தோம். பிறகு, முதுமையடைந்த தகப்பனாரை அழைத்துக்கொண்டு ஈப்போவுக்கு அதே ஆட்டத்தைப் பார்க்கப் போனோம். பேராக் கோல் அடித்தது. அரங்கமே எழுந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு தகப்பனாரும் எழுந்தார். நாம் எழவில்லை. அவர் திரும்பிப் பார்த்து, "ஏன்டா, உடம்புக்கு ஆகலியா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு நாம் விடை சொல்லவில்லை. அவர் இறக்கும்வரையிலும் சொல்லவில்லை.

அன்று அவ்விருக்கையில் ஓர் ஆள் இருந்தான். கணக்கெடுத்தவர் நம்மையும் ஒரு தலையாகவே எண்ணியிருப்பார். ஆனால் மெய்யாகச் சொன்னால் அவ்விருக்கை காலி. தன் குழு தோற்கவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைவிட, வாராது வீட்டில் உறங்குபவன் எவ்வளவோ மேல். ஆட்டங்கள் விலைபோயின என்ற செய்தி பின்னர் வந்தபோது, ஊரார் ஆட்டக்காரரைத் திட்டினார்கள். நாமும் திட்டினோம். ஆனால் அத்திட்டு நம் வாயிலிருந்து புறப்பட்டு நம் முகத்திலேயே வந்து விழுந்ததை நாம் மட்டும் அறிவோம்.

ஆகவே, காலி இருக்கைகள் யார் குற்றம் என்பதற்கு நமது விடை இதுவே. நம்பிக்கையை விற்றவன் முதற் குற்றவாளி. அதற்கு விலை கொடுத்தவன் இரண்டாம் குற்றவாளி. அவ்விலைக்குக் காசு சேர்த்துத் தந்த நாம் மூன்றாம் குற்றவாளி. இம்மூவரில் யாரும் மற்றவரைக் காட்டித் தப்பமுடியாது.

இன்னொரு குற்றமும் நம்மேல் உண்டு, அது மறதி. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தார்கள். நாம் ஆடிய அத்திடலில் இன்று செம்பனை நிற்கின்றது. திடல் போனபோது அதைக் கேட்டவர் யார்? கோயிலுக்கு இடம் கேட்டோம், அது தகும். பள்ளிக்கூடத்துக்கு இடம் கேட்டோம், மிகவும் தகும். பிள்ளைகள் ஓடி ஆட ஒரு திடல் வேண்டுமென்று கேட்கத் தோன்றவில்லை. அடுக்குமாடி வீட்டின் மோட்டார் வண்டி நிறுத்துமிடத்தில் பந்து உதைக்கும் சிறுவனைக் கடிந்து துரத்துகிறோம். பிறகு, "முன்போல் நம்மவர் ஏன் நாட்டுக் குழுவில் இல்லை?" என்று மேடையேறிக் கேட்கிறோம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழி எழுந்த குழு 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடிற்று. பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு 2019இல் சூப்பர் லீக்குக்கே உயர்ந்தது. 2022ஆம் பருவத்தோடு விலகிற்று. அது ஆடிய ஆண்டுகளில் நம்மில் எத்தனை பேர் ஒரு மாலையேனும் சென்று அமர்ந்தோம்? அவரவர் நெஞ்சே விடை கூறட்டும்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? பெரிய திட்டமொன்றும் நாம் கூறவரவில்லை. சூது பந்தயத்தில் ஒரு காசும் வைப்பதில்லை என்று ஒவ்வொருவரும் தம் மனத்தோடு உறுதி செய்துகொள்ளலாம். அதற்குச் சட்டமும் வேண்டா, சங்கமும் வேண்டா. ஊர்த்திடல் எதுவாயினும், தமிழ்ப் பள்ளித் திடலாயினும், மாலையில் பிள்ளைகள் ஆடும்போது சென்று நிற்கலாம். பெண்பிள்ளைகள் ஆடினால் இன்னும் முன்னதாகச் செல்லலாம். தோற்றாலும் நிற்கலாம். இருபது பேர் கொள்ளும் இடத்தில் இருபது பேரும் மெய்யாக நின்றால், அது நிறைந்த மைதானம். அவ்விருபதிலிருந்துதான் இருபதினாயிரம் பிறக்கும். நாற்பதினாயிரம் இருக்கையிலிருந்து ஒருபோதும் இருபது பேர் பிறக்கமாட்டார்கள்.

சென்ற மாதம் நாம் பேரனோடு பள்ளித் திடலுக்குப் போயிருந்தோம். அவன் பக்கம் மூன்று கோலில் தோற்றது. ஒரே ஒரு கோலை அவன் பக்கத்துப் பையன் அடித்தான். உட்காரப் பலகை இல்லாமையால் நாம் முன்னரே நின்றுகொண்டிருந்தோம். ஆகையால் எழவேண்டிய வேலை இருக்கவில்லை. ஆனால் கை தட்டினோம். நம் தகப்பனாருக்குத் தரவேண்டியிருந்த கடனில் ஒரு காசு அன்று தீர்ந்தது என்று நினைக்கிறோம். மீதி நிரம்ப உண்டு. அடுத்த ஞாயிறும் போகவேண்டும்.